தர்ப்பைக் கயிற்றின் மறுமுனை

செண்பகவடிவு மேசைமேல் வைத்த கைப்பேசியிலிருந்து வந்த குரலை உலகம்மையால் பாதிக்கு மேல் கேட்க முடியவில்லை. குரல் செண்பகவடிவினுடையதுதான். அழுகை, நடுவே மூக்கைச் சிந்துகிற சத்தம், பின்னால் எங்கோ குக்கரின் விசில். “நந்தியப்பா, எம்பிள்ளைக்கு அந்த வலிப்பு திரும்ப வந்துராமப் பாத்துக்கோ. கழுத்துல தாலி ஏறுத வரைக்குமாவது...” ஒருத்தி தன் தெய்வத்தின் காதில் சொன்னதை இப்படி உட்கார்ந்து கேட்பது, அடுத்தவர் மென்று துப்பியதை வாயில் போட்டுக்கொண்டது போல இருந்தது. உலகம்மை கையை நீட்டி அதை நிறுத்தினாள்.

“இத யாரு அனுப்பினாவ?”

“மாப்பிள்ளையோட அப்பா. ஏன் சம்பந்தம் வேண்டாங்கியன்னு கேட்டேன். வாயத் தொறக்கல மேடம். இத அனுப்பிட்டாவ.”

செண்பகவடிவு பள்ளிக்கூடச் சத்துணவு சமைப்பவள். புடவைத் தலைப்பில் மஞ்சள் கறை இருந்தது. மகளுக்குச் சின்ன வயதில் வலிப்பு வந்ததை அவள் மனுசர் எவரிடமும் சொன்னதில்லை. கோயில் நந்தியிடம் மட்டும், கைப்பேசி வழியே சொன்னாள். சொல்லும்போது கைப்பேசியில் பச்சை விளக்கு எரிந்தது. எரிந்தால் வேறு யாரும் கேட்க முடியாது என்று அரசாங்கமே விளம்பரம் செய்கிறதே என்று கேட்டாள்.

அவள் சொன்னது சரிதான். எந்த முகத்தையும், குரலையும், கையெழுத்தையும் இயந்திரம் அச்சு அசலாகச் செய்துவிடும் என்று ஆன பிறகு, ஒரு சர்வர் இன்னாருடையதுதான் என்று காகிதத்தையோ காணொளியையோ காட்டி நிரூபிப்பது செல்லாமல் போயிற்று. வங்கியின் பெயரில் பத்து வங்கி நின்றது. மருத்துவமனையின் பெயரில் திருடன் நின்றான். கடைசியில் சட்டம் பழைய வழிக்கே திரும்பியது. ஒரு மனிதர் நேரில் போக வேண்டும். சர்வர் மேல் உள்ளங்கையை வைக்க வேண்டும். தன் கருவியிலிருந்து அதற்கு ஒரு கேள்வி அனுப்ப வேண்டும். பதில் சொல்லும் சர்வர் துடிக்கும். அந்தத் துடிப்பைக் கையால் உணர்ந்து, அதன் பெயரை வாய்விட்டுச் சொன்னால்தான் சான்று. சான்று இருந்தால்தான் கைப்பேசியில் பச்சை விளக்கு, இல்லாவிட்டால் சிவப்பு. இதற்கு நாடி பார்ப்பது என்று பெயர். பார்ப்பவர் நேர்சாட்சி. உலகம்மை திருநெல்வேலிச் சான்று வாரியத்தில் நேர்சாட்சியாக இருந்தாள்.

“பூட்டு நல்ல பூட்டுதான்க்கா,” என்றாள் உலகம்மை. “நீங்க பேசினது வழியில ஒருத்தர் காதுலயும் விழுந்திருக்காது. ஆனா பூட்டின பெட்டிய யாரு கையில கொண்டு குடுக்கோம்? அது பூட்டுக்குத் தெரியாது. ‘இது நந்தியோட சர்வர்தான், நான் தொட்டுப் பாத்தேன்’னு ஒரு மனுசர் சொல்லணும்.”

“அப்ப நந்தியோடத தொட்டுப் பாத்தது யாரு?”

உலகம்மை கைப்பேசியை அவள் பக்கம் தள்ளினாள்.

“நாந்தான்,” என்றாள்.

செவிசாய்த்தநாதர் கோயில் ஆற்றங்கரையில் இருக்கிறது. அங்கே நந்தி தலையை ஒரு பக்கம் சாய்த்துப் படுத்திருக்கும். அதன் காதில் குறையைச் சொன்னால் அது ஈசனிடம் போய்ச் சேரும் என்பது அந்தப் பக்கத்து ஜனங்களின் நம்பிக்கை. ஊரைவிட்டுப் போனவர்களும் படுக்கையில் கிடப்பவர்களும் சொல்வதற்காகக் கோயில் ஒரு சேவையைத் தொடங்கியது. கைப்பேசியில் முணுமுணுத்தால் போதும். நந்தியின் காதருகே வைத்த ஒரு சின்ன ஒலிபெருக்கி அதை ஒரே ஒரு தடவை, பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்காத அளவில் சொல்லும். பிறகு அழிந்துவிடும். ஆயிரக்கணக்கானவர்களின் ரகசியத்தைத் தாங்கும் சர்வர் மனிதர் புழங்கும் இடத்தில் இருக்கக் கூடாது என்று அதைக் கருவறைக்குள் வைத்தார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான்.

ஆனால் கருவறைக்குள் பட்டரைத் தவிர யாரும் போகக் கூடாது. நேர்சாட்சியோ தொடாமல் சான்று தரக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே கோயில்காரர்கள் கண்டுபிடித்த வழிதான் தர்ப்பைக் கயிறு. குடமுழுக்கின்போது யாகசாலைக் கும்பத்துக்கும் மூலவருக்கும் இடையே தர்ப்பைக் கயிறு கட்டுவார்கள். கும்பத்திலிருக்கும் சக்தி அதன் வழியே சிலைக்குப் போகும். கயிற்றைத் தொட்டால் சாமியைத் தொட்ட மாதிரி. அப்படியானால் சர்வரில் கட்டிய கயிற்றைப் பிடித்தால் சர்வரைத் தொட்ட மாதிரி ஆகாதா? உலகம்மைக்கு முன்னால் இருந்தவர் அதை ஏற்றுக்கொண்டார். போன வருடம் உலகம்மையும் ஏற்றுக்கொண்டாள். படிக்கு வெளியே நின்று கேள்வியை அனுப்பினாள். கயிறு அவள் விரல்களுக்குள் மெல்லத் துடித்தது. மயிர்க்கூச்செறிந்தது. கயிற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “இது செவிசாய்த்தநாதர் சர்வர், நான் அறிவேன்” என்று சொன்னாள். வேறு எந்த ஊர்ச் சாட்சியாவது இப்படிக் கயிற்றைப் பிடித்துச் சான்று கொடுத்திருப்பாரா என்று இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

சான்றைப் புதுப்பிக்கும் நாள் இந்தத் தடவை பிரதோஷத்தன்று வந்தது. நந்திக்கு அபிஷேகம் ஆகிக்கொண்டிருந்தது. பால் வடிந்த தரையில் ஈ மொய்த்தது. கோயில் மேலாளர் தாணுலிங்கம், நெற்றி நிறையத் திருநீறும் காதோரம் பூவுமாக வந்து வரவேற்றார். கோயிலுக்குள் யாரையும் பெயர் சொல்லி நலம் கேட்காமல் தாண்டமாட்டார். அவருக்கு ஊரில் நல்ல பேர்.

பட்டர் கயிற்றை நீட்டினார். உலகம்மை வாங்கவில்லை.

“கையால தொடணும் சாமி,” என்றாள்.

“உள்ள வரப்படாதேம்மா. உனக்குத் தெரியாததா?”

“நான் உள்ள வரல. பெட்டிய வெளிய கொண்டாங்க.”

தாணுலிங்கம் சிரித்தார். கருவறையில் வைத்ததை நகர்த்துவது ஆகமத்துக்கு ஆகாது, பரிகார பூஜை செய்ய வேண்டியிருக்கும், பிரதோஷக் கூட்டத்தில் ஜனம் என்ன நினைக்கும் என்று மெதுவாக எடுத்துச் சொன்னார். உலகம்மை அவரைப் பார்க்காமல் பட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உள்ள வர முடியாத சனத்துக்காகச் சாமியே பல்லக்கில ஏறி வீதிக்கு வாராவ. ஒரு பெட்டி பத்து அடி வரக்கூடாதா?”

பட்டர் வயதானவர். வாதம் செய்யத் தெரியாதவர். கொஞ்ச நேரம் மூலவரைப் பார்த்தபடி நின்றார். பிறகு மேலாளரிடம் ஒன்றும் கேட்காமல் உள்ளே போனார். திரும்பி வரும்போது அவர் முகம் மாறியிருந்தது. பெட்டியை இரண்டு கையால் தூக்கத் தயாராகப் போனவர் ஒரு கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தார்.

“என்னம்மா இது, தேங்காய் மூடி கணக்கா லேசா இருக்கு?”

பெட்டியின் மேல் சந்தனமும் குங்குமமும் பல வருஷமாகக் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. உலகம்மை மூடியை நெம்பினாள். முதலில் நாற்றம் வந்தது. சிக்குப் பிடித்த எண்ணெயும் செத்த பல்லியும் சேர்ந்த நாற்றம். பிறகு கரப்பான்கள் நான்கு பக்கமும் வழிந்து ஓடின. ஒன்று பட்டரின் கைமேல் ஏறி முழங்கை வரை போயிற்று. அவர் உதறக்கூட இல்லை. உள்ளே சர்வர் இல்லை. கரப்பான் எச்சத்துக்கு நடுவே, கைப்பேசி அதிர்வதற்கு வைக்கிற மாதிரி ஒரு சின்ன மோட்டார், பேட்டரியோடு கயிற்றின் நுனியில் கட்டியிருந்தது. உலகம்மை தன் கருவியிலிருந்து கேள்வியை அனுப்பினாள். அது கிர்ரென்று ஒருமுறை துடித்து அடங்கியது.

போன வருடம் தனக்கு மயிர்க்கூச்செறிந்தது இதற்குத்தானா?

தாணுலிங்கம் அவளை அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். ஏசி குளிரில் ஊதுவத்தி வாசனையும் அறைத் தெளிப்பான் வாசனையும் கலந்து தலைவலிக்க வைத்தன. அவர் நாற்காலிக்குப் பின்னால் பட்டுத்துணி போர்த்தி ஒன்று நின்றிருந்தது. அதிலிருந்து விசிறி ஓடுகிற சத்தம் வந்தது. அவர் அதை மறைக்க முயலவில்லை. விளக்குப் புகையில் சர்வர் கெட்டுவிடும் என்றுதான் முதலில் இங்கே மாற்றினாராம். மாற்றிய பிறகு, அழியாமல் எடுத்துவைத்துக் கேட்க முடியும் என்று தெரிந்ததாம். வரன் விசாரித்துச் சொல்லும் நிறுவனம் ஒன்று வந்து கேட்டதாம்.

“தப்பா எடுத்துக்கிடாதீய. நாலு குடும்பத்துக்கு நல்லதுதான் செய்யுதோம். நோயை மறைச்சுக் கல்யாணம் பண்ணுதது பாவமில்லையா? மனுசன் எங்கயும் பொய் சொல்லுவான். நந்திகிட்ட சொல்ல மாட்டான். உண்மை அங்கதான் கெடக்கு.”

“மறைச்சது தப்புன்னு நந்தி அவளுக்குச் சொல்லியிருப்பாரு. நீங்க யாரு நடுவுல?”

அவருக்குக் கோபம் வரவில்லை. காப்பியை அவள் பக்கம் நகர்த்தினார். மேலே ஆடை படர்ந்து சுருங்கியிருந்தது.

“உங்க அத்தைக்கு உடம்பு எப்படி இருக்கு?” என்று கேட்டார்.

உலகம்மை காப்பியை எடுக்கவில்லை.

அவள் மாமியார் ஆவுடையம்மாள் பக்கவாதத்தில் விழுந்து படுக்கையோடு இருந்தாள். கணவன் வளைகுடாவில். அள்ளுவதும் துடைப்பதும் புரட்டிப் போடுவதும் உலகம்மைதான். தினமும் காலையில் மூத்திரத்துணியை அலசும்போது, குழாயைத் திறந்துவிட்டு, குளியலறைக்குள் நின்று அவளும் நந்தியிடம் சொல்வாள். அவளுக்கும் பச்சை விளக்கு எரியும். அவளே கொடுத்த சான்றுக்கு எரிந்த விளக்கு.

“‘சீக்கிரம் கூட்டிக்கிட்டுப் போயிரு சாமி. இந்த நாத்தத்தில இனி என்னால முடியாது,’” என்றார் தாணுலிங்கம், அவள் குரலின் இழுப்போடு. “பாவம், நீங்க மட்டும் என்ன செய்வீய. நான் யாரையும் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா அத அத்தை கேட்டா மனசு என்ன பாடுபடும்? வெளிநாட்டுல இருக்க மகன் கேட்டா? கயிறப் பிடிச்சுச் சொல்லிட்டுப் போங்க. எப்பவும் போல.”

குளிக்கும்போது ஓட்டு இடுக்கு வழியாக ஒரு கண் பார்த்துக்கொண்டிருந்தது இப்போது தெரிந்த மாதிரி இருந்தது. ஒரு நாள் அல்ல, தினமும். அவர் மேலும், அந்தக் காப்பி மேலும், எல்லாவற்றுக்கும் மேலாக அந்த வார்த்தைகளைச் சொன்ன தன் நாக்கு மேலும் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. சொன்னது பொய்யென்றால்கூடத் தேவலை. ஒவ்வொரு நாளும் மனதார வேண்டியிருந்தாள்.

செண்பகவடிவும் இப்படித்தானே இருந்திருப்பாள் என்று தோன்றியது. அவள் மட்டுமா? இன்று வெளியே நந்தியைச் சுற்றி நிற்கிற கூட்டத்தில் எத்தனை பேர்? தான் ஒருத்தி மட்டும் தப்பித்துக்கொள்ள, அத்தனை பேரின் அழுகையையும் இந்த மேசைமேல் கொட்டிவிட்டுப் போவதா?

அவள் எழுந்து நாற்காலியைச் சுற்றிப் போனாள். பட்டுத்துணியை இழுத்தாள். கேள்வியை அனுப்பிவிட்டு உள்ளங்கையை வைத்தாள். சர்வர் வெதுவெதுப்பாக இருந்தது. நாடி துடித்தது. பதில் சொல்வது இதுதான்.

சாட்சியை விலக்கிக்கொள்ளவும் சட்டத்தில் ஒரு வாசகம் உண்டு. அதைச் சொல்லும் தேவை அவளுக்கு அதுவரை வந்ததில்லை.

“இது செவிசாய்த்தநாதர் சர்வர் அல்ல. நான் அறியேன்.”

வெளியே மண்டபத்திலிருந்து ஒரு முணுமுணுப்பு எழுந்தது. கையில் கைப்பேசியோடு நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எல்லார் திரையிலும் சிவப்பு. சிலர் ஏசினார்கள். துபாயிலிருந்து மகன் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான், பரீட்சை முடிவு நாளைக்கு வருகிறது, இன்றைக்குப் போய் இப்படியா என்று ஒரு பெண் பட்டரிடம் முறையிட்டாள். பட்டர் நந்திக்கு முன்னால் கூட்டத்தைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துவிட்டு, வேண்டுகிறவர்கள் கிட்டே வந்து காதில் சொல்லலாம், வர முடியாதவர்களுக்காகச் சொந்தக்காரர்கள் சொல்லலாம் என்றார். அபிஷேகம் முடியாமல் யாரையும் அவ்வளவு பக்கத்தில் விட்டதில்லை. அந்தப் பெண்தான் முதலில் போனாள்.

உலகம்மை வாரியத்துக்கும் காவல் நிலையத்துக்கும் தகவல் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். பட்டர் படித்துறையில் உட்கார்ந்து கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். கரப்பான் ஏறிய கை.

“ஒரு வேளை விடாம தீபாராதனை காட்டினேனேம்மா. அந்தப் பெட்டிக்குத் தனியா ஒரு பூ வைப்பேன். அதெல்லாம் யாருக்குப் போச்சு?”

“சாமிக்குத்தான் போயிருக்கும். நம்ம கணக்கா அவருக்குச் சான்று பாத்தாத்தான் ஆளு தெரியுமா?”

அவர் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துணைக்கு வாரியம் வரை வரட்டுமா என்று கேட்டார். வேண்டாம், வீட்டுக்குத்தான் முதலில் போக வேண்டும் என்று சொல்லிவிட்டு உலகம்மை பேருந்தைப் பிடிக்க ஓடினாள்.

வழியில் செண்பகவடிவு கூப்பிட்டாள். சிவப்பு விளக்கைப் பார்த்துவிட்டாள். விஷயத்தை முழுக்கக் கேட்டாள். பிறகு, அடுத்து யார் பெண் பார்க்க வந்தாலும் உள்ளதை முதலிலேயே சொல்லிவிடப் போவதாகச் சொன்னாள். “இனி என்ன இருக்கு மறைக்க. சொன்னபொறவும் வாரவன் வரட்டும்.”

உலகம்மைக்கும் அதே புத்திதான் தோன்றியது. தாணுலிங்கம் முந்துவதற்குள் தானே சொல்லிவிட வேண்டும். ஆனால் வீட்டுக் கதவைத் திறந்ததும் மூத்திர வாடை முகத்தில் அடித்தது. அவள் சொல்ல வந்ததை எல்லாம் விட்டுவிட்டு வேலையைப் பார்த்தாள். துணியை உருவினாள், வெந்நீரில் துடைத்தாள், அத்தையை ஒருக்களித்துப் போட்டு முதுகுப் புண்ணுக்கு மருந்து தடவினாள். முதுகு திரும்பியிருந்ததால் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அப்படியே சொன்னாள். ஒன்றையும் குறைக்காமல் சொன்னாள். என்ன வேண்டினாள், எத்தனை நாளாக வேண்டினாள், அது இப்போது யார் கையில் இருக்கிறது.

ஆவுடையம்மாளுக்குக் கைகால்தான் விழுந்திருந்தது. வாய் நன்றாக இருந்தது. ஆனாலும் சுவரைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

அப்போது உலகம்மையின் கைப்பேசி ஒலித்தது. தாணுலிங்கம்தான். சொன்னதைச் செய்துவிட்டார். அவளுக்கும் அவள் கணவனுக்கும் சேர்த்தே அனுப்பியிருந்தார்.

“என்னளா அது?”

“அந்த ஆளு அனுப்பியிருக்கான் அத்தை.”

“போடு, கேப்போம்.”

“வேண்டாம் அத்தை.”

“போடுங்கேன்.”

உலகம்மை போட்டாள். குழாயிலிருந்து தண்ணீர் விழும் சத்தம். அதற்கு மேல் அவள் குரல்: சீக்கிரம் கூட்டிக்கிட்டுப் போயிரு சாமி. இந்த நாத்தத்தில இனி என்னால முடியாது. அலுவலகத்தில் தாணுலிங்கம் அத்தோடு நிறுத்தியிருந்தார். பதிவு நிற்கவில்லை. அதே குரல் இன்னும் தாழ்ந்து போயிற்று. அதுவரைக்கும் அவுகளுக்கு முதுகுப் புண்ணு எரியாமப் பாத்துக்கோ. அவுக ராத்திரி முனங்குதது கேக்க முடியல.

தான் இதையும் சொன்னது உலகம்மைக்கு நினைவே இல்லை.

பிறகு தண்ணீர் நின்றது. குழாயை மூடியிருக்கிறாள். பதிவு முடியும் முன் வந்த அந்த அமைதியில், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மெலிதாக இன்னொரு குரல் கேட்டது. எடுத்துவைத்து அனுப்பியவர் கவனிக்காத குரல். “அப்படியே ஆகட்டும் நந்தியப்பா. அவளும் பாவம்.”

உலகம்மை கைப்பேசியைப் படுக்கையில் வைத்தாள்.

“அத்தை, உங்களுக்குக் கேக்குமா?”

“ஒத்தச் செங்கல் செவுரு. குழாயத் தொறந்துவிட்டா கேக்காதாக்கும்?” ஆவுடையம்மாள் சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். “கேட்டேன். யாருகிட்டச் சொல்ல? எம்மவன்கிட்டயா? நீ சொல்லுததுல என்ன தப்பு இருக்கு. நானும் அதத்தான கேட்டுக்கிட்டுக் கெடக்கேன்.”

உலகம்மையின் உள்ளங்கை, மருந்து பூசியபடியே, அத்தையின் முதுகில் புண்ணுக்குச் சற்று மேலே இருந்தது. தோலுக்கு அடியில் நாடி துடித்தது. அவள் கையை எடுக்கப் போனாள்.

“எடுக்காத,” என்றாள் ஆவுடையம்மாள். “அங்கனயே இருக்கட்டும்.”